வளைவில் திரும்பிப் பார்த்தவர்

எண்பதுகளில் நான் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். மலைப்பாதையில் ஒருமுறை வண்டி கவிழ்ந்து, கண்ணெதிரே ஆட்கள் செத்தார்கள். அதற்குப்பின் பஸ் படியில் கால் வைத்தாலே உடம்பு நடுங்கும். டிப்போவில் மஞ்சள் காமாலை என்று லீவு சொல்லிவிட்டு, வேலூரில் ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போனேன்.

ஒல்லியான அம்மா, நரைத்த தலை, ரப்பர் செருப்பு. மருந்து கிடையாது, பேச்சுதான். பிறகு பயம் தெளியட்டும் என்று என்னை பஸ்ஸில் ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தவறாமல் கேட்பார், "எறங்கிடலாங்களா?"

"ஆம்பள, பஸ்ஸுக்குப் பயப்படுறேன். வெக்கமா கீதும்மா" என்றேன்.

"அவ்ளோ பாத்துட்டு பயம் வரலைன்னாதாங்க நான் கவலைப்படணும்."

வேலைக்குத் திரும்பினேன். ஒரு சந்தை நாளில் அவர் என் பஸ்ஸில் ஏறி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார் டிரைவர்.

பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டரிடம் போனவன் என்று டிப்போவில் பேசிவிடுவார்களோ என்று பயம். "இல்லண்ணே, யாரோ" என்றேன்.

அது அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. புது ஆளிடம் கேட்பதுபோல், "ஜமுனாமரத்தூர் ஒண்ணு குடுங்க" என்றார்.

வண்டி கவிழ்ந்த அந்த வளைவில் மட்டும் திரும்பி, கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். கை நடுங்கவில்லை. முகத்தைத்தான் என்னால் நிமிர்த்த முடியவில்லை.