சித்தி தைத்த கோடு போட்ட பொந்த

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், அக்கினி வெயிலில், கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. பயம். அப்போது எனக்கு ஒன்பது வயது.

போர்த்தியிருந்தது என் சித்தி தைத்த பொந்த. துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் கனத்த போர்வைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர், தெலுங்கிலிருந்து வந்தது. சித்தி அம்மாவின் தங்கை, ரேணிகுண்டாவில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது முறை பிரசவத்துக்குச் சீக்கிரமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் குரல் இறங்கிப்போனது. குழந்தைக்குப் பேர் யோசிக்கக் கூடாது, தொட்டில் பார்க்கக் கூடாது, புதுத்துணி எடுத்து வைக்கவே கூடாது. ஏன் என்று கேட்டால் அம்மா முறைப்பாள்.

அம்மாவிடம் ஒரு சூட்கேஸ் நிறைய ரவிக்கைத் துணிகள் இருந்தன. விசேஷ வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுப்பார்களே, அவை. யாரும் தைத்துப் போடுவதில்லை. ஒரு வீட்டில் வாங்கியதை இன்னொரு வீட்டில் கொடுப்பார்கள். அதில் சில துணிகள் என்னைவிட அதிகக் கல்யாணம் பார்த்தவை. சும்மா உட்கார்ந்திருந்தால் சித்திக்கு அழுகை வருகிறது என்று அம்மா அந்த சூட்கேஸையே அவள் முன்னால் திறந்து வைத்தாள்.

செல்போனில் எதையோ பார்த்துவிட்டு சித்தி அத்தனையையும் நீள நீளமாகக் கிழித்தாள். ஒன்று நாலு விரல் அகலம், ஒன்று ஒரு சாண், மனம்போனபடி. ராணி கலருக்குப் பக்கத்தில் கிளிப்பச்சை, அதற்குப் பக்கத்தில் மாம்பழ மஞ்சள், நடுநடுவே கறுப்பு. பூவும் கிடையாது, கொடியும் கிடையாது, வெறும் கோடு.

"இன்னாடி இது, ரயில்வே கேட்டு மாதிரி கீது?" என்றாள் அம்மா.

"இப்ப இதான்கா ஃபேஷன்" என்று சித்தி சிரித்தாள். வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுக்கு நகராமல் இருக்கக் குண்டூசிகளைக் குத்திவிட்டு, மெஷினில் ஓட்ட ஓட்ட ஒவ்வொன்றாக உருவி வாயில் கவ்விக்கொள்வாள். அதனால் இது யாருக்கு என்று நான் கேட்டதற்கு முடித்த பிறகுதான் பதில் வந்தது.

"உனக்குத்தான்டி. தெனம் போத்திக்கினு படு, இன்னா?"

எனக்கா! அப்படி ஒரு அழகான சாமான் அதுவரை என் பங்குக்கு வந்ததே இல்லை. நான் தொட்டது எது உருப்பட்டிருக்கிறது? சாம்பார் கொட்டும், மை கொட்டும். அதனால் அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு என் துணிகளுக்கு அடியில் பத்திரமாக ஒளித்து வைத்தேன். தினமும் காலையில் அம்மாவும் சித்தியும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "போத்திக்கினியா?" தினமும் "ம்" என்றேன். ஒரு போர்வையைப் போய் இத்தனை விசாரிப்பார்களா என்றிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, நாள் நெருங்குவதற்கு முன்பே சித்திக்கு வலி வந்துவிட்டது. அம்மா அவளைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மறுநாள் காலையில் போன் வந்தது. பெண் குழந்தை, எடை போதவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

"அந்தப் பொந்தய நைனாகிட்ட குடுத்தனுப்பு" என்றாள் அம்மா போனில் என்னிடம். "பாப்பாவ வெளிய எடுத்ததும் அதுலதான் போடணும். பொறந்த புள்ளைக்குப் புதுத்துணி ஆவாது, தங்காது. அதுக்குத்தானே உன்ன போத்திப் பழசாக்கச் சொன்னது."

ஓடிப்போய் என் துணிகளுக்கு அடியில் கையை விட்டேன். கவரிலிருந்து எடுத்த பொந்தயில் சித்தி போட்ட சாக்பீஸ் கோடுகூட அழியவில்லை. இரண்டு போயிற்று, மூன்றாவதும் என்னால் போகப்போகிறது. நானும் வருவேன் என்று அழுது அடம்பிடித்து நைனாவோடு பஸ் ஏறினேன்.

இரண்டு மாத வேலையை இரண்டு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். சுற்றிக்கொண்டேன், கசக்கினேன், முகத்து வேர்வையைத் துடைத்தேன். "இன்னாமா, காச்சலா?" என்று நைனா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எதிர் சீட்டுத் தெலுங்கு அம்மா "அய்யோ பாப்பம்" என்று பரிதாபப்பட்டு, சாத்துக்குடியை உரித்துப் பாதியைக் கொடுத்தாள். அதன் சாற்றையும் வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தினேன்.

சந்திரகிரி தாண்டும்போது விலாவில் சுருக்கென்று ஏறியது. மஞ்சளும் கறுப்பும் சேரும் தையலுக்குள் ஒரு குண்டூசி. சித்தி உருவ மறந்தது. மஞ்சள் துணியில் ஒரு சொட்டு ரத்தம். சத்தம் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். பொய் சொன்னதற்கு சாமி கொடுத்த தண்டனை, வேறென்ன? ஊசியை ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, "என்னைத்தான் குத்திட்டியே, பாப்பாவ விட்டுடு" என்று திருப்பதி வரும் வரைக்கும் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சித்தி பொந்தயை மடியில் வைத்து விரித்தாள். கசங்கி, ஈரமாகி, கறையும் நாற்றமுமாக இருந்தது. அவள் கண்ணில் நீர் முட்டியது.

"பாத்தியாக்கா, எப்படிப் பழசாக்கிக் கொண்டாந்துகீது எங்க தங்கம்."

நான் விலாவில் ஊசி குத்திய இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

அம்மா அதை அலசிக் காயப்போட்டாள். நாலு நாளில் குழந்தை பெட்டியிலிருந்து வெளியே வந்து, வெறும் உடம்போடு அந்தக் கோடுகளின் மேல் படுத்துக்கொண்டது. தங்கியும் விட்டது. இப்போது அவளுக்குப் பத்து வயது, வாய் காது வரைக்கும் நீளம்.

நான் பொய் சொன்னேன், அதனால் சாமி குத்தியது. இதைத்தான் இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், சித்தியிடமும் சொன்னதில்லை. போன மாதம் நைனாவுக்கு எடுத்த புதுச்சட்டையைப் பிரித்து, காலரிலிருந்து குண்டூசிகளை உருவிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஊசியில் கை அப்படியே நின்றுவிட்டது. முதல் ராத்திரியே போர்த்திக்கொண்டிருந்தால் அன்றைக்கே என்னைக் குத்தியிருக்கும். பஸ்ஸிலும் போர்த்தாமல் விட்டிருந்தால் அது யாரைக் குத்தியிருக்கும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.