இடப்பக்கம் சத்தம் கம்மி

சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முகப்பில் ஒரு பச்சை விளக்கு, பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள். என் அக்காவின் கணவர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "மாப்ள, இதுக்குள்ள என்னதான்டா இருக்கு?" என்று கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. கம்ப்யூட்டர் எண்களாகத் தருவதைச் சத்தமாக மாற்றும் பெட்டி, டிஏசி என்பார்கள் என்று ஆரம்பித்தேன். ஆலங்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் நான். இந்த மாதிரி விளக்கம் சொல்வதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

மச்சான் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுக் கீரமங்கலத்துக்குத் திரும்பியவர். தென்னந்தோப்பைவிட அவர் அதிகம் கவனித்தது இடுப்பு உயர ஸ்பீக்கர் இரண்டையும் ஆம்ப்ளிஃபயரையும்தான். கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும் நாதஸ்வரக் கச்சேரி. முதலில் கம்ப்யூட்டரோடு வந்த சவுண்ட் கார்டில் கேட்டார். "பின்னாடி எவனோ மாவு சலிக்கிறான் மாப்ள" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனை மாட்டிச் சத்தத்தை முழுசாக ஏற்றிய பிறகுதான் அந்த இரைச்சல் எனக்குப் பிடிபட்டது. வேறொரு கார்டு வாங்கி உள்ளே செருகினோம். "ஃபேன் சுத்துறப்பல்லாம் அதுவும் கூடச் சேந்து பாடுது" என்றார். அதுவும் நிஜம். கம்ப்யூட்டருக்கு வெளியே வைக்கிற பெட்டிதான் இவருக்குச் சரிப்படும் என்று முடிவுசெய்து அந்தக் கறுப்புப் பெட்டியை வரவழைத்தேன். அப்பேர்ப்பட்ட காது அவருக்கு. அந்தக் காது சொன்னால் மறுபேச்சில்லை என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன், மடையன்.

முதல் வாரம் மச்சான் தரையில் நடக்கவில்லை. அடுத்த வாரம் காலையில் போன். "மாப்ள, இடப்பக்கம் சத்தம் கம்மியாயிருச்சு. நாதஸ்வரம் உள்ள போயிருச்சு, தவிலு மட்டுந்தான் நிக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போ." போனேன். அவர் போட்ட கச்சேரியில் நாதஸ்வரம் இடது ஸ்பீக்கரிலும் தவில் வலது ஸ்பீக்கரிலும் இருக்கும். உட்கார்ந்து கேட்டேன். இரண்டும் கணீரென்று இருந்தன. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "கேக்குதா?" என்று மச்சான் என் முகத்தையே பார்த்தார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்த எங்கள் கூட்டத்தில் இது ஒரு வியாதி. ஒருவர் ஒரு வித்தியாசம் கேட்கிறது என்றால் மற்றவரும் தலையாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நமக்குக் காது போதாது என்று ஆகிவிடும். "ஆமா மச்சான், லேசாக் கம்மியாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தை போதுமே. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. பெட்டிக்குப் பின்னால் ஒயரை இடம் வலம் மாற்றிப் போட்டேன். "இப்பத் தவிலு செத்துருச்சு. கம்மியா இருக்கிறது அதே எடப்பக்கந்தான்" என்றார். அப்படியானால் பெட்டியில் குறையில்லை, இடது ஸ்பீக்கர்தான் என்றேன். ஒயரைப் பழையபடி மாட்டி, ஸ்பீக்கரை இடம் மாற்றினோம். அப்போதும் இடப்பக்கம்தான். சரி, அந்தப் பக்கம் ஜன்னல், சத்தம் வெளியே போய்விடுகிறது என்று பெரிய விஞ்ஞானி மாதிரி சொல்லி, கனத்த திரை தைத்து மாட்டவைத்தேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில் அவருக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரில் இடப்பக்கத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். "கெட்டிக்காரன்டா நீ!" என்று முதுகில் தட்டினார். பெருமையாகக்கூட இருந்தது. நாலைந்து நாளில் மறுபடி போன்.

இப்படியே ஏறக்குறைய இரண்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கச்சேரி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுக்களை வாசலில் காப்பியோடு வந்து நின்றாள். மச்சான் எழுந்து, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டியபடி டம்ளரை வாங்கினார்.

"மாப்ள! இப்ப என்ன பண்ணுன? நாதஸ்வரம் வந்துருச்சு, தவிலக் காணோம்!"

நான் ஒன்றுமே பண்ணவில்லை. பெட்டி மாறவில்லை, ஒயர் மாறவில்லை. மாறியது மச்சான் நின்ற திசை மட்டும்.

"அப்படியே நில்லுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் போய்ப் பாட்டை நிறுத்தினேன். அவர் இடது காதோரம் விரல்களைச் சரசரவென்று சத்தம் வரத் தேய்த்தேன். அசையாமல் நின்றார். வலது காதோரம் தேய்த்ததும், "என்னடா, கூசுது" என்று சிரித்தார். "என்னடா பண்ற அவர?" என்றாள் அக்கா. மறுபடி இடது காதோரம் தேய்த்துப் பார்த்தேன்.

மறுநாள் புதுக்கோட்டையில் காது டாக்டர். "எப்பலேருந்துங்க?" என்று கேட்டார். "அந்தப் பெட்டி வந்த மறுவாரத்துலேருந்துங்க" என்றார் மச்சான். "காலையில எந்திரிச்சப்ப காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. குளிச்ச தண்ணின்னு விட்டுட்டேன். பொறவு பெட்டியிலதான் கோளாறுன்னு நெனச்சோம். மாப்ளைக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திடீரென்று இப்படிக் காது அடைத்தால் சில நாளுக்குள் வரவேண்டும், வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். "ரெண்டு மாசம் ஆயிருச்சுங்களே. இனிமே அந்தக் காது திரும்புறது கஷ்டம்." முதல் நாளே, எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கிறதே மச்சான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்!

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மச்சானுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவருக்கு இடப்பக்கத்தில் நான். பஸ் ஆலங்குடியை நெருங்கும்போது மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன். "மச்சான், எனக்கு அன்னைக்கு ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேட்டுச்சு. பொய் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க." கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தேன். சத்தமில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என் தோள் இடித்ததும் திரும்பினார்.

"என்ன மாப்ள, ஏதும் சொன்னியா?"

"ஒண்ணுமில்ல மச்சான். ஊரு வந்துருச்சு" என்றேன்.

இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என் மாப்ளதான் கண்டுபுடிச்சான், இல்லேன்னா தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது" என்று என்னைக் காட்டிச் சொல்கிறார். அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்து, பஸ்ஸில் சொன்னதை இன்னொரு தடவை சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.