ஆர்கனுக்கு ஒட்டிய ஷூ தோல்

எங்கள் ஆம்பூர் சர்ச்சில் முப்பது வருடமாக, காலால் மிதித்துக் காற்றடிக்கும் மிதி ஆர்கன் வாசித்தவர் பிரேமா அக்கா. அதன் காற்றுப்பைத் தோல் கிழிந்ததும், "செஞ்ச கம்பெனிக்கே எழுதலாமேக்கா" என்றேன்.

"அவங்க இத விட்டுட்டு மொதல்ல பியானோ, அப்புறம் வீட்டுல வாசிக்கிற ஆர்கன்னு செஞ்சாங்க. அப்புறம் கம்பெனியையே மூடிட்டாங்க தம்பி."

"தோலுக்கு நம்ம ஊர்ல இன்னாக்கா பஞ்சம்? நான் போட்டுத் தர்றேன்."

ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் திமிர். மெல்லிய பழைய தோலை எடுத்துவிட்டு, தடித்த ஷூ தோலை ஷூ பசையாலேயே ஒட்டினேன். பை மடங்கவில்லை, சத்தமே வரவில்லை. பதறிப்போய்ப் பிய்த்தேன். தோலோடு பலகையும் சிராய் சிராயாகப் பெயர்ந்து வந்தது.

"போதும் தம்பி, விட்டுடு" என்று அக்கா ஆர்கன் மூடியைச் சாத்தினார்.

இப்போது வேறொருவர் கீபோர்டு வாசிக்கிறார். அக்கா கடைசி பெஞ்சில். பாட்டு தொடங்கியதும் அவர் கால்கள் தாமாகத் தரையை மிதிக்கின்றன.