வேக மெமரியும் தாய்மாமன் மீசையும்

நேற்று என் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புது மெமரி வாங்க வேண்டும். கடைக்காரர் இரண்டைக் காட்டியிருந்தார். இரண்டும் ஒரே கொள்ளளவு. ஒன்று வேகம் கூடியது, அதனால் விலையும் கூடியது. அந்த வேகத்துக்கு அந்த விலை தகுமா? இதைப் பற்றி நான் விடிய விடியப் பேசுவேன் நண்பரே, கேட்கத்தான் ஆளில்லை. யோசித்தபடியே பழைய மெமரியைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்தேன். ரப்பர் வாசனையும் அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பல் தூசியும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், நினைவில் காலடிப்பேட்டை பேனர் கடைக்கே போய்விட்டேன்.

என் முதல் வேலை அது. அங்கே எல்லா வைத்தியமும் ரப்பர்தான். திரை வரவில்லையா, மெமரியைக் கழற்றித் தேய். பிரிண்டர் ஓடவில்லையா, அதற்கும் மெமரியைத்தான் தேய்ப்பார் முதலாளி தனா அண்ணன். "வேகமான மெமரி போட்டா கடையே பறக்கும்ணா" என்று நான் நச்சரித்ததில், தெரிந்தவரிடம் ஒரு நாள் சோதனைக்கு வாங்கிவந்தார். முந்தின நாள் பழைய மெமரியில் ஒரு குடும்ப பேனருக்கு ஆன நேரம் அவர் போனில் இருந்தது. இன்று அதைவிடச் சீக்கிரம் முடித்தால் மெமரி என் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பும்.

அன்று பேனருக்கு வந்தவர் முகத்துவாரக்குப்பத்துச் செல்வி அக்கா. மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அப்போதெல்லாம் பேனர் என்றால் குடும்பமே வந்து நம் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். நம் பிடரியில் அவர்கள் மூச்சுப் படும். அக்காவின் வீட்டுக்காரர் உட்காரும்போதே சொல்லிவிட்டார்.

"இவ தம்பி மூஞ்சி மட்டும் பேனர்ல வந்துச்சு, நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்."

சொல்லாமல் இவருடைய போட் எஞ்சினை எடுத்துப் போய்விட்டானாம் தம்பி. அதிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

"தாய்மாமன் இல்லாம இன்னாய்யா மஞ்சத்தண்ணி? குப்பமே சிரிக்கும்" என்றார் அக்கா.

அவர் பீடி பிடிக்க வெளியே போனதும் அக்கா என் காதருகே குனிந்தார்.

"பாப்பா, கொஞ்சம் மெதுவா பண்ணு. மிஷினு நின்னு நின்னு போனாத்தான் இந்தாள வழிக்கு இட்டாரலாம்."

மெதுவாகவா? இன்றைக்கா? எதிரே தனா அண்ணன் போனில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. புது மெமரியோ படம் படமாக விழுங்கித் தள்ளுகிறது. உண்மையைச் சொன்னால், பழையதைவிட ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்தான் மிச்சம். ஆசை வந்தவளுக்கு அது தெரியுமா?

"இன்னாது, அதுக்குள்ள முடியப் போவுதா?" அக்காவின் முகம் வாடிவிட்டது. தன் போனிலிருந்து தம்பி படத்தை அனுப்பினார். அதை நடுவில் பெரிதாக வைத்தேன். வாசலில் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம். என்ன தோன்றியதோ, கடையில் இருந்த பழைய பேனர்கள் அத்தனையையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டேன். எந்த வேக மெமரியும் அதைத் தாங்காது. திரை அப்படியே உறைந்தது, நடுவில் தாய்மாமனோடு.

"ஏய், எடு அத்த!" என்று உள்ளே வந்த வீட்டுக்காரர் கத்தினார்.

"ஹேங் ஆயிடுச்சுண்ணா." அது மட்டும் சத்தியம்.

வேறு வழியின்றி மைத்துனன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். முறைத்தார். பல்லைக் கடித்தார். பிறகு கொஞ்சம் குனிந்தார்.

"இன்னா இவன், இப்டி எளச்சிக் கீறான்?"

"காமால வந்து கெடந்தான். நீதான் போய்ப் பாக்கல."

தனா அண்ணன் போனில் நேற்றைய நேரம் கடந்துபோனது. திரைக்கு உயிர் வந்தபோது வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கன்னத்த கொஞ்சம் உப்பலாக்கு பாப்பா. மீசயும் கறுப்பா இருக்கட்டும். சபைல வந்து நிக்கப்போறான்ல."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஜாஸ்தி காசு குடுத்து லேட்டாவ எனக்கு இன்னா கிறுக்கா?" என்று தனா அண்ணன் மெமரியைக் கழற்றி டப்பாவில் போட்டார். அதைப் பற்றி நான் வாதாடாத ஒரே நாள் அது.

இப்போது பேனர் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன். படங்கள் போனில் வருகின்றன; பிடரியில் மூச்சுப் படுவதில்லை. போன வாரம் ஒரு குடும்பப் படம் வந்தது, கூடவே ஒரு வரி: 'வலது ஓரத்துல நிக்கறவர தூக்கிடுங்க.' ஒரே ஒரு தட்டு தட்டினேன். ஆள் போய், அவருக்குப் பின்னால் சுவர்கூட ஒழுங்காக வந்துவிட்டது. அனுப்பினேன். யார் அவர், என்ன சண்டை என்று கேட்டு நான் எழுதி முடிப்பதற்குள், நன்றி சொல்லிக் கட்டைவிரல் படம் வந்து விழுந்தது.