பதினாறு எண்ணும் வரை

இதைப் படித்துவிட்டு, “பெரியவருக்கு மூளை குழம்பிப்போச்சு” என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். வண்டி வந்த நேரத்தை ஒரு நிமிடம் கூட்டியோ குறைத்தோ எழுதியதில்லை. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். நள்ளிரவு, சுடுகாடு, நாயின் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவீர்கள். இது நடந்தது ஒரு மாலை நாலே கால் மணிக்கு மேல், ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக் கட்டடத்தில். நான் உள்ளே இருந்தேன். என் இரண்டு காதாலும் கேட்டேன்.

என் கடைக்குட்டி அங்கே ஜாஸ் படிக்கிறாள். சாக்ஸபோன். எங்கள் குடும்பத்தில் வாத்தியம் தொட்டவர்கள் யாருமில்லை. பித்தளைக் குழாயை ஊதுவதற்கு ஒரு பட்டமா என்று ஆறு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அதை இப்போது மறைப்பானேன்.

ஒரு வியாழக்கிழமை துறைத்தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. இறுதித் தேர்வுக்காக அவள் கொடுத்த ஒலிப்பதிவில் மோசடி நடந்திருக்கிறதாம். துணை வாத்தியம் இல்லாமல் தனியாக வாசிக்க வேண்டும் என்பது விதி. அவளுடைய பதிவில் டிரம்ஸ் கேட்கிறதாம். தகுந்த விளக்கம் தராவிட்டால் படிப்பிலிருந்து நீக்கம்.

மோசடி. எங்கள் வீட்டு முகவரிக்கு அந்தச் சொல் அதுவரை வந்ததில்லை.

“நான் தனியாத்தான்பா வாசிச்சேன்.” அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

“அப்ப டிரம்ஸ் எங்கேருந்து வந்துச்சு?”

“பக்கத்து ரூம்ல யாரோ அடிக்கிறாங்கன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா கேக்குது. ரொம்ப நல்லா அடிப்பாங்கப்பா... அதனால அதுக்கு எடம் விட்டு வாசிச்சுப் பழகிட்டேன். பதிவுல விழும்னு சத்தியமா தோணல.”

ஜாஸில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஒருவர் ‘பார்’ என்கிற தாள அளவில் நான்கு வாசித்துவிட்டு நிறுத்துவார். அடுத்த நான்கு பாரை டிரம்ஸ்காரர் வாசிப்பார். மறுபடி இவர், மறுபடி அவர். கேள்வியும் பதிலும் மாதிரி. ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. ஆக, பதினாறு எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டு எதிராளிக்கு இடம் விட வேண்டும். ஆளே இல்லாத அறையில் என் மகள் அந்த இடத்தை விட்டிருக்கிறாள்.

“உங்களுக்கு மானம் போச்சேன்னு கவலையா, பொண்ணு சாப்பிடலையேன்னு கவலையா?” என்று கேட்டாள் என் மனைவி. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

துறைத்தலைவர் என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே பேசினேன்.

“அதே ரூம்ல அவ திரும்ப வாசிக்கட்டும் சார். நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பதிவு பண்ணுங்க. நான் உள்ள உக்காருறேன். எங்க ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“பெத்த அப்பா கையெழுத்து செல்லுமா சார்?” என்று சிரித்தார்.

“என் கையெழுத்துக்கு எக்ஸ்பிரஸ் வண்டியே நின்னிருக்கு.”

சிரிப்பு நின்றது. மறுநாள் வரச் சொன்னார்.

அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது; பதிவு செய்பவர் உட்காரும் அறைக்கும் இதற்கும் நடுவே திறக்க முடியாத ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். ஒரே கதவு, ஓரத்தில் ரப்பர் வைத்த கனமான கதவு. சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும். உள்ளே போகுமுன் பக்கத்து அறையைப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்த கிடங்கு. பூட்டு துருப்பிடித்திருந்தது. அதற்குள் யாரும் டிரம்ஸ் அடித்திருக்க முடியாது. அறையின் மறுபக்கச் சுவருக்கு அப்பால் வெறும் மண்.

மூலையில் ஒரு டிரம்ஸ் இருந்தது. மேலே விரலால் கோடு போடும் அளவுக்குத் தூசி. அதன் மீது இரண்டு பிரஷ்கள் கிடந்தன. மெல்லிய கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய, துடைப்பம் மாதிரியான குச்சிகள். பின்னால் வட்டமான முக்காலி, தோல் மெத்தையோடு. குனிந்து அதன் அடியிலும் பார்த்தேன். யாருமில்லை.

கதவைச் சாத்தியபோது மணி 4.17. என் நாற்காலி மூலைக்கு நேர் எதிரே. கண்ணாடிக்கு அப்பால் துறைத்தலைவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு தலையசைத்தார்.

4.22. மகள் கண்ணை மூடிக்கொண்டு ஊத ஆரம்பித்தாள். மெதுவான பாட்டு. உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் வாசித்தாள்.

முதல் இடைவெளி வந்தது. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... பதினாறு. ஒரு சத்தமும் இல்லை. எனக்கு நிம்மதி. அவள் மறுபடி ஊதினாள்.

இரண்டாவது இடைவெளி. ஒன்பது எண்ணும்போது... ஷ்ஷ்ஷ்... வெளியே யாரோ தாழ்வாரத்தைப் பெருக்குகிறார்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டு எண்ணும்போதுதான் உறைத்தது. அந்தக் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் உள்ளே வராது.

மூன்றாவது. ஷ்ஷ்... தக். ஷ்ஷ்... தக். மூலையிலிருந்து.

பிரஷ்களைப் பார்த்தேன். கிடந்த இடத்திலேயே கிடந்தன. அசையவில்லை. தூசிகூடக் கலையவில்லை.

ஆனால் சத்தம் வந்துகொண்டிருந்தது.

சரியாகப் பதினாறில் நின்றது. மகள் தொடர்ந்தாள். கண்ணைத் திறக்கவில்லை. உதட்டோரம் லேசான சிரிப்பு. எழுந்து அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் பதிவு நின்றால் அவள் படிப்பு போகும். சாட்சிக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கக் கூடாது. முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

நான்காவது.

முக்காலியின் மெத்தை மெல்ல... மெல்ல... அமுங்கியது.

யாரோ உட்காரும்போது அமுங்குமே, அப்படி.

கண்ணாடிப் பக்கம் பார்த்தேன். துறைத்தலைவர் என் மகளைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.

ஐந்தாவது.

ஷ்ஷ்... தக். பதினான்கு... பதினைந்து... பதினாறு.

நிற்கவில்லை.

பதினேழு.

பதினெட்டு.

மெத்தை மேலே எழும்பியது.

சத்தம் மூலையில் இல்லை. நடுவில் வந்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவில்.

ஷ்ஷ்...

ஷ்ஷ்...

அவள் ஊதினாள்!

சத்தம் நின்றது. 4.39-க்குப் பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்தவள் மூலைப்பக்கம் திரும்பி, கையை நீட்டி, தலையைத் தாழ்த்தினாள்.

“யாருக்குமா கை காட்டினே?”

“பழக்கம்பா. முடிஞ்சதும் கூட வாசிச்சவங்களைக் காட்டணும்.” சொல்லிவிட்டு அவளே ஒரு நொடி திகைத்தாள். “யாரும் இல்லல்ல... மறந்துட்டேன்.”

“கெளம்பு,” என்றேன்.

கதவைத் திறந்து பிடித்தேன். அவள் வெளியே போனாள். நானும் உடனே போயிருக்கலாம். போகவில்லை. கதவைப் பிடித்தபடி நாலைந்து விநாடி நின்றேன், பின்னால் வருகிற ஒருவருக்கு வழி விடுவது போல. ஏன் அப்படி நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

துறைத்தலைவர் எதையும் கேட்கவில்லை. காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“எழுதிக் குடுத்துடுங்க சார். இத்தோட முடிச்சுக்கலாம். உங்க பொண்ணு மேல தப்பில்ல. நானே பார்த்தேன்.”

“என்ன பார்த்தீங்க?”

“எழுதுங்க சார்.”

“அறையில் என்னையும் என் மகளையும் தவிர வேறு யாரும் இருக்கவில்லை” என்று எழுதினேன். கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு கணம் தயங்கியது. என் வாழ்நாளில் அதற்கு முன் தயங்கியதில்லை. போட்டேன். என் மகள் தேறினாள். குடும்பப் பெயரும் பிழைத்தது.

பதினோரு நாள் கழித்து இசைத்துறை அலுவலகத்திலிருந்து போன். ஒரு குமாஸ்தா.

“சார், கீழ் ரூம் கதவுக்கு மேல ஆளை எண்ற மிஷின் ஒண்ணு இருக்கு. உள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னு பார்த்துக் காத்து விடறதுக்கு வெச்சது. நீங்க வந்த அன்னிக்கு எண்ணிக்கை இடிக்குது. உள்ள போனது ரெண்டு பேர். வெளிய வந்தது மூணு. இன்னொருத்தர் பேர் சொன்னீங்கன்னா ரெஜிஸ்டர்ல ஏத்திடுவேன்.”

“மிஷின் கெட்டுப்போயிருக்கும்.”

“நேத்துதான் சார் சரிபார்த்தாங்க. நேரம் வேணா படிக்கிறேன், கேளுங்க. நாலு நாப்பத்தொண்ணு, ரெண்டாவது செகண்ட், ஒருத்தர். நாலாவது செகண்ட், ஒருத்தர். ஏழாவது செகண்ட், ஒருத்தர்.”

முதலில் போனது என் மகள். கதவை விட்டுவிட்டுக் கடைசியில் போனது நான்.

“நடுவுல வந்தவர் பேர் என்ன சார்?”

“தெரியாது,” என்றேன். ஒரு பதிவேட்டுக்கு நான் சொன்ன முதல் ‘தெரியாது’ அது.

“சரி, விடுங்க. காலியாவே போட்டுக்கறேன்.” போனை வைக்கப் போனவர், ஏதோ நல்ல சேதி சொல்வது போலச் சொன்னார்: “ஒரு வகையில நல்லதாப் போச்சு சார். வருஷக்கணக்கா அந்த ரூம்ல ஏதோ சத்தம் கேக்குதுன்னு பசங்க புகார் எழுதிக்கிட்டே இருந்தாங்க. நீங்க வந்துட்டுப் போன அன்னியிலேருந்து அங்க ஒரு சத்தமும் இல்லையாம்.”