அப்சோபருக்கு நெயில் பாலிஷ்

மெக்கானிக்கை நம்பிக் காரை விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்களாம். சுங்கை வேயில் இருக்கும் என் வொர்க்‌ஷாப்புக்கு இதுவரை அப்படி ஒருவரும் வந்ததில்லை. அதிலும் பழைய கார் என்றால் கேட்கவே வேண்டாம். கார்க்காரர் என்னைச் சந்தேகப்படுவார். நான் பார்ட்ஸ் விற்றவனைச் சந்தேகப்படுவேன். என்னோடு வேலை செய்யும் முனியாண்டி அண்ணன் பாரபட்சமில்லாமல் எல்லாரையும் சந்தேகப்படுவார். நீங்களும் ஸ்பேனர் பிடிக்கிறவர் என்றால் இந்தப் பாடு உங்களுக்குத் தெரியும். காரை விட்டுவிட்டு வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற கட்சி என்றால், உங்களைப் பற்றியும்தான் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆன்டியின் முதுகு

பிரிக்பீல்ட்ஸ் குலசிங்கம் அங்கிள் கஸ்டம்ஸில் முப்பது வருடம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தே ஓய்வு பெற்றவர். அவரிடம் பச்சை நிறத்தில், இரண்டே சீட் உள்ள ஒரு பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கியதாம். அந்த இரண்டாவது சீட்டில் ஆன்டியைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை என்று அவரே சொன்னார். நான் நம்பினேன், ஆன்டி நம்பினாரா என்று தெரியாது.

குழியில் விழுந்தால் குலுக்கலைத் தாங்குகிற முன்பக்க அப்சோபர்கள் செத்துப்போய், ஸ்பிரிங்கும் தொய்ந்து, ஒவ்வொரு குழியிலும் ‘டொக்’ என்று இடித்தது. இடித்தது காருக்கு, வலித்தது ஆன்டியின் முதுகுக்கு. இனி அதில் ஏறமாட்டேன் என்று ஆன்டி சொல்லிவிட்டார். பக்கத்து சீட் காலியாக இருக்கிற காரை வைத்து என்ன செய்வது என்று அங்கிளுக்கும் மனசு விட்டுப்போனது. டெங்கிலில் பழைய கார் சேர்க்கிற ஒருவர் அதைக் கேட்டு வாராவாரம் போன் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, அங்கிள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“புது அப்சோபரும் ஸ்பிரிங்கும் போட்ட பிறகும் அவ ஏறாட்டி, கார் டெங்கிலுக்குப் போகுது தம்பி. பிறகு நான் உம்மை மறக்க மாட்டன்.”

சிவப்புக் கோடு

பார்ட்ஸ் பெட்டி இங்கிலாந்திலிருந்து நேரே அங்கிள் வீட்டுக்குத்தான் வந்தது. என் கடைக்கு வந்தால் நான் பிரித்துவிடுவேனே! ஒரு சனிக்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்த ஒவ்வொரு சாமானிலும் சிவப்பாக ஒரு கோடு. ஆன்டியின் நெயில் பாலிஷ். அப்சோபருக்கு ஒரு கோடு, ஸ்பிரிங்குக்கு ஒரு கோடு. சின்ன ரப்பர் புஷ்களைக்கூட விடவில்லை. நடுவிலுள்ள இரும்புக் குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி விளிம்பு வரைக்கும், அடிக்கோல் வைத்த மாதிரி நேர்க்கோடு. புதுசை எடுத்துக்கொண்டு, பழசுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டிவிடுகிற கடைகள் உண்டாம். உண்டுதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

முனியாண்டி அண்ணன் என்னைவிட மூத்தவர், ஆனால் என்னைப் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார். அவர் இரண்டு ஸ்பிரிங்கையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தார், பெயின்ட்டை முகர்ந்தார், பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டினார்.

“அவரு நம்மள நம்பல, நான் அவரு பெட்டிய நம்பல. சரியாப் போச்சு லா, பாஸ்.”

கண்ணால் கண்டால்தான்

முன் ஸ்பிரிங்கைக் கழற்றுவது விளையாட்டு வேலை இல்லை. அழுத்திப் பிடித்திருக்கிற கருவி நழுவினால் ஸ்பிரிங் துள்ளிக்கொண்டு வந்து பல்லைப் பெயர்த்துவிடும். “கொஞ்சம் தள்ளி உட்காருங்க அங்கிள்” என்றேன். என்னை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு இவன் என்ன மாற்றப் போகிறான் என்பதுபோல ஒரு பார்வை. பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டடி நகர்ந்தார். மத்தியானம் வரை அந்தக் கண் என் பிடரியில்தான் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் கீழ் இரும்புக் கை, அந்த ரப்பர் புஷ்களில்தான் மேலும் கீழும் ஆடும். கார் ஜாக்கில் இருக்கும்போது அந்த போல்ட்டுகளை முழுதாக இறுக்கக் கூடாது. லேசாக மாட்டிவிட்டு, காரைத் தரையில் இறக்கி, எடையெல்லாம் சக்கரத்தில் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். அங்கிளிடம் இதைச் சொன்னேன். பாதி இறுக்கிய போல்ட்டோடு காரை இறக்கினால், பிறகு அடியில் நீ இறுக்கினாயா என்று நான் எப்படிப் பார்ப்பது என்றார். என் கண் முன்னால் இறுக்கு என்றார். வாக்குவாதத்துக்குப் பயந்து, அப்புறம் தளர்த்திக்கொள்ளலாம் என்று நினைத்து, எல்லாவற்றையும் முறுக்கிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார்.

அடுத்து பழைய சாமான் ஒப்படைக்கும் சடங்கு. நம் ஊரில் கழற்றிய பழசைப் பெட்டியில் போட்டு, காரின் பின்னால் சாமான் வைக்கிற ‘பூட்’டில் வைத்துக் கொடுத்தால்தான் புதுசு போட்டதாக அர்த்தம். அந்தப் பழசுக்கும் அங்கிள் கோடு போட்டிருந்தார். ஒரு அப்சோபரில் எண்ணெய் பட்டுக் கோடு அழிந்துபோயிருந்தது. அதற்கு அரை மணி நேரம் விசாரணை. விசாரணை முடிந்து நான் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தபோது, தளர்த்த வேண்டிய போல்ட் என் ஞாபகத்தில் இல்லை.

“இப்பதான் எனக்கு மனம் ஆறுது தம்பி. எல்லா போல்ட்டையும் கண்ணால கண்டிட்டன்.”

மூக்கைத் தூக்கிக்கொண்டு

மறுநாளே போன். ஆன்டியின் தையல் டேப்பால் அளந்திருக்கிறார், முன்பக்கம் ஒன்றரை விரல் உயரமாக நிற்கிறதாம். புது ஸ்பிரிங் கொஞ்சம் ஓடினால்தான் அடங்கும் என்றேன். அது பொய்யில்லை. ஒரு வாரம் ஓட்டியும் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டே நின்றது. ஸ்பிரிங்கை நான் மாற்றிவிட்டேன் என்று அங்கிளுக்கு ஒரு எண்ணம், ஆனால் சிவப்புக் கோடு அங்கேயே இருப்பதால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்துக்காரன் வேறு காரின் ஸ்பிரிங்கை அனுப்பிவிட்டான் என்று எனக்கு. அங்கிள் வீட்டில் கார் நிறுத்தும் தரையே சரிவாக இருக்கிறது என்று முனியாண்டி அண்ணனுக்கு.

இந்த நிலைமையில் அங்கிள் ஆன்டியைச் சமாதானப்படுத்திக் காரில் ஏற்றினார். நானும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்காட் ரோடு முனை வரை போய்த் திரும்பி வந்தார்கள். ஆன்டி கதவைப் பிடித்துக்கொண்டு, முதுகில் கை வைத்தபடி இறங்கினார்.

“பழசு இடிச்சுது, இது உதைக்குது. ஞாயிற்றுக்கிழமை அந்த டெங்கில்காரரை வரச் சொல்லுங்கோ.”

கோணிய கோடு

வெள்ளிக்கிழமை காரை மறுபடி கடைக்கு வரவழைத்தேன். படம் எடுக்க மட்டும்தான் என்று சொன்னதால், அங்கிள் பக்கத்தில் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்பிரிங்கைப் படம் பிடித்து இங்கிலாந்துக்காரனுக்கு அனுப்பி, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும். கார் தரையில் நிற்க, அட்டையை விரித்து அடியில் நுழைந்து டார்ச் அடித்தேன். முதலில் கண்ணில் பட்டது ஸ்பிரிங் இல்லை, புஷ்ஷின் சிவப்புக் கோடு. நேராக இருந்த கோடு ரப்பரில் கோணிக்கொண்டு கிடந்தது. கார் ஜாக்கில் இருக்கும்போதே நடுக் குழாயை நான் இறுக்கிவிட்டேன், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. நாலு புஷ்ஷும் அப்படித்தான். திருடனைப் பிடிக்கப் போட்ட கோடு என்னைப் பிடித்துவிட்டது. இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு கற்றுக்குட்டித் தப்பா என்று அட்டையிலேயே வெகுநேரம் கிடந்தேன். வெட்கமாக இருந்தது.

தளர்த்தி இறுக்கினால் அரை மணி நேர வேலை. யாருக்கும் தெரியாது. முனியாண்டி அண்ணனும் குனிந்து பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துச் சொன்னார்.

“ஸ்பிரிங் அடங்கிருச்சுன்னு சொல்லிருங்க பாஸ். எப்படியும் நம்பமாட்டாரு, பொய்யையாவது நம்பாமப் போகட்டும்.”

ஒப்புதல் வாக்குமூலம்

கை வைக்காமல் அங்கிளுக்குப் போன் போட்டேன். நான் செய்த தப்புக்கு ஆன்டி முதுகு வலியோடு போனார், ஒரு கார் டெங்கிலுக்குப் போகப் பார்த்தது. அதை விழுங்கிவிட்டு அடுத்த கார் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அங்கிள் வந்தார். வெள்ளைச் சட்டையோடு அட்டையில் படுத்தார். டார்ச்சைப் பிடித்து, கோணிய கோட்டைக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். அவர் இறுக்கச் சொன்னதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

பிறகு அவர் பார்க்கப் பார்க்க போல்ட்டுகளைத் தளர்த்தினேன். கோடு மெல்லத் திரும்பி நேரானது. மூக்கு கீழே இறங்கியது. அப்படியே, கார் தரையில் நிற்கும்போதே, இறுக்கினேன். அங்கிள் தையல் டேப்பை வைத்துப் பார்த்தார், உயரம் சரியாக இருந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

“தானா வந்து ஒப்புக்கொள்ளுறவனைக் கஸ்டம்ஸில நாங்கள் ரெண்டு மடங்கு சோதிப்பம். வேற என்னத்தை ஒளிக்கிறீர்?”

ஞாயிற்றுக்கிழமை

டெங்கில்காரர் சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்று ஆன்டியிடம் நானே கெஞ்சினேன். கேரி தீவுக்கு நண்டு சாப்பிடப் போவோம் என்று அங்கிள் ஆசை காட்டினார். பச்சைக் கார் முன்னால், நானும் முனியாண்டி அண்ணனும் வேனில் பின்னால். செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகள் குழி பறித்துப்போட்ட எஸ்டேட் ரோட்டில் அங்கிள் வேண்டுமென்றே நுழைந்தார். ஒவ்வொரு குழியிலும் எனக்குத்தான் முதுகு வலித்தது.

நண்டுக் கடை வாசலில் ஆன்டி இறங்கினார். கதவைப் பிடிக்கவில்லை, முதுகில் கை வைக்கவில்லை. “உந்த ரோட்டுக்கு எப்ப புதுசாத் தார் போட்டவங்கள்?” என்று கேட்டார். யாரும் போடவில்லை என்றோம். நம்பாமல் திரும்பி நடந்து போய், ஒரு குழியில் செருப்புக் காலை விட்டு ஆழம் பார்த்தார். கணுக்கால் வரை உள்ளே போனது. திரும்பி வந்து எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

“நீங்கள் மூண்டு பேரும் சேர்ந்து என்னவோ செய்திருக்கிறியள். டெங்கில்காரரை வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அடுத்த ஞாயிறும் ஏறிப் பார்த்துத்தான் நான் முடிவு சொல்லுவன்.”

மூன்று மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் ஆன்டி ஏறிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், முடிவு இன்னும் சொல்லவில்லை, கார் பிரிக்பீல்ட்ஸிலேயே நிற்கிறது. என் தொழிலில் நற்சான்றிதழ் இப்படித்தான் கிடைக்கும்.