மைனாவின் வளைகாப்பு

செம்பாக்கம் ஏரிக்கரையில் மாலையானால் பஜ்ஜிக் கடை போடும் புஷ்பலதாவிடம் வாயைக் கொடுத்து ஜெயித்தவர் அந்தத் தெருவில் யாரும் கிடையாது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவன் கங்காதரன் கல்யாணமான புதிதிலேயே அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டான். அப்பேர்ப்பட்டவளைக் கேட்காமலே ஒரு தடவை ஒரு முடிவு எடுத்தார்கள். அதை அவள் மறக்கவே இல்லை.

இரண்டாவது பையன் பிறந்த கையோடு அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. "ரெண்டும் ஆம்பளப் புள்ள, போதும்" என்றாள் மாமியார். கங்காதரன் தலையாட்டினான். பிரசவ மயக்கத்தில் கிடந்தவளுக்கு ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று ஆசை இருந்தது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவில்லை. பையன்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் புண் ஆறவில்லை.

அந்த வீட்டுக்குத்தான் மைனா வந்து சேர்ந்தது. மழைக்கு பஜ்ஜி வண்டியின் அடியில் ஒதுங்கிய செவலைப் பெண் நாய்க்குட்டி. தடுப்பூசி போடப் போன இடத்தில் கால்நடை டாக்டர் ஏஞ்சல் பல்லைப் பார்த்து வயதைக் கணித்தார்.

"ஆறு மாசம் ஆகப்போகுதும்மா. முதல் ஹீட்டுக்கு, அதான் பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே கருத்தடை பண்ணிடலாம். பெரிய ஜாதி நாய்னா எலும்பு முத்தட்டும்னு கொஞ்சம் காத்திருக்கச் சொல்வேன். இவளுக்கு அது தேவையில்ல. தள்ளிப்போட்டா பின்னாடி மார்ல கட்டி வர்ற சான்ஸ் அதிகம்."

"ஒரு தபா குட்டி போட்டுக்கட்டும் டாக்டர். அப்பால இட்டாறேன்."

"ஒரு தடவை போட்டாதான் உடம்புக்கு நல்லதுன்னு சொல்றதெல்லாம் சும்மாம்மா."

"அவளும் பொம்பளதான டாக்டர்? கேக்காம கொள்ளாம வவுத்த அறுத்துட்றதா?"

வெளியே வந்ததும் கங்காதரன் மெல்ல, "டாக்டரே சொல்றாங்கோ, பண்ணிடலாமே" என்றான். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவன் ஆட்டோவைக் கிளப்பினான்.

மைனா பருவத்துக்கு வந்ததும் பம்மலில் அந்தோணிசாமி என்பவர் வீட்டு வெள்ளை நாயை மாப்பிள்ளையாகப் பார்த்தாள் புஷ்பலதா. குலம் கோத்திரம் மட்டும்தான் விசாரிக்கவில்லை. சில வாரத்தில் மைனாவின் வயிறு உப்பியது, காம்புகள் தடித்தன. சும்மா இருப்பாளா? கண்ணாடி வளையல்களை நூலில் கோத்துக் கழுத்தில் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து, புளியோதரையும் தயிர்சாதமும் கிளறித் தெருவையே கூப்பிட்டு வளைகாப்பு நடத்திவிட்டாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை, கண் கலங்கியிருந்தது.

நாள் போனது, குட்டி வரவில்லை. மைனா சின்னவனின் பழைய ரப்பர் செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய், அதை நக்கி நக்கி வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொண்டது.

"இது பொய்க் கர்ப்பம்மா" என்றார் ஏஞ்சல். "இது அடங்கினதும் ஆபரேஷன் பண்ணிடுவோம். இனிமேயும் தள்ளிப்போடாதீங்க."

மானமுள்ளவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 'பேரன் எப்பக்கா வருவான்?' என்று பஜ்ஜி வாங்க வந்தவர்கள் எல்லாம் கேலி செய்தார்கள். இப்போது ஆபரேஷனுக்குப் போனால் தோற்றதாகிவிடும். "அடுத்த தபா பாருங்க" என்றாள். அடுத்த தடவையும் தங்கவில்லை. அடுத்த தபா, அடுத்த தபா என்றே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனாவைக் குளிப்பாட்டும்போது காம்புக்குப் பக்கத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஏதோ கையில் தட்டியது. பால் கட்டியிருக்கும் என்று விளக்கெண்ணெய் தடவினாள். அது எலுமிச்சம்பழம் அளவு ஆன பிறகுதான் ஏஞ்சலிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், புற்றுநோய் நுரையீரலுக்குப் போய்விட்டதென்றார். "இப்ப கத்தி வச்சா அவளுக்கு வேதனைதாம்மா மிச்சம். வலிக்கு மருந்து தர்றேன்."

"அன்னிக்கே பண்ணிகினு இருந்தா வந்திருக்காதா டாக்டர்?"

"அநேகமா வந்திருக்காதும்மா."

திரும்பும் வழியில் மைனா அவள் மடியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தது. கங்காதரன் முன்னால் பார்த்தபடியே சொன்னான்: "நான் அப்பவே சொன்னேன்."

"எனக்கு ஆபரேஷன் பண்ண சொல்லோ, என்னிய ஒரு வார்த்த கேட்டியா நீ?"

இத்தனை வருஷத்தில் அவள் அதை வாய்விட்டுக் கேட்டது அன்றுதான். அவன் ஆட்டோவை ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்துவிட்டு, "கேக்கல. தப்புதான் புஷ்பா" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அத்தனை காலம் காத்திருந்தாள். வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளைக் கேட்காமல் இவன் முடிவு செய்தான். மைனாவுக்கு எது வேண்டும் என்று பார்க்காமல் இவள் முடிவு செய்தாள். தன் வயிற்றெரிச்சலை ஒரு வாயில்லா ஜீவன் மேல் இறக்கி வைத்துவிட்டோமே என்று வீடு வரைக்கும் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் மைனா தள்ளாடிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் போனது. அந்த ரப்பர் செருப்பைக் கவ்வி வந்து புஷ்பலதாவின் மடியில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. முன்பெல்லாம் "த்தூ, எச்சி செருப்பு" என்று தூக்கி எறிவாள்.

இன்று அதை முந்தானையால் துடைத்து மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீ படுத்துக்க கண்ணு. புள்ளைய நான் பாத்துக்கறேன்."